பௌர்ணமி நாளின் விலை

ஆராய்ச்சிக்காக, எங்கள் ஊரில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையின் தினசரி விலையை இணையத்திலிருந்து தானாகவே எடுத்துச் சேமிக்கும் புரோகிராம் ஒன்றை எழுதி, கிரிவலப் பாதையில் இருக்கும் செங்கம் ரோடு பிரவுசிங் சென்டரில் ஓடவிட்டிருந்தேன். விலை பதிவாகாமல் விடுபட்ட நாளுக்கு முந்தைய நாள் விலையையே பிறகு நிரப்பும்படி எழுதியது என் சோம்பேறித்தனம்.

ஒரு வருடம் கழித்து என் பேராசிரியர் பூரித்துப்போனார். "பௌர்ணமியன்னிக்கு மட்டும் மல்லாட்டை விலை மாறவே இல்லம்மா! பெரிய கண்டுபிடிப்பு!"

எனக்குப் பிரவுசிங் சென்டர்தான் நினைவுக்கு வந்தது. பௌர்ணமிதோறும் சென்டர்காரர் கம்ப்யூட்டர்களை அணைத்துவிட்டு, கிரிவலக் கூட்டத்துக்குத் தண்ணீர் பாட்டில் விற்பார்.

"அன்னிக்கு மெஷினே ஓடல சார். முந்தின நாள் விலையைத்தான் புரோகிராம் நிரப்பியிருக்கு."

"இதுக்குத்தான் தினமும் கையால நோட்டுல எழுதச் சொன்னேன். சரி, யாருக்குத் தெரியப் போவுது? விட்டுடும்மா."

"தப்பு மெஷினோடது இல்ல சார், என்னோடது. நோட்டுக்கும் போகமாட்டேன், இந்தத் தப்பை அப்படியே விடவும் மாட்டேன்."

என் ஆய்வேட்டின் விலைப் பட்டியலில் பௌர்ணமிக் கட்டங்கள் காலியாகவே அச்சாகியிருக்கின்றன. ஏன் என்று யார் கேட்டாலும், தண்ணீர் பாட்டிலிலிருந்து ஆரம்பித்துச் சொல்வேன்.