செல்வமாரி கொடுத்தனுப்பிய அளவு ஜாக்கெட்

சேலையோடு ஒட்டி வருகிற ஜாக்கெட் துணிக்கு எண்பது சென்டிமீட்டர் போதும் என்று எந்த மில்லில் எந்த மகராசன் முடிவு கட்டினானோ, அவன் கையில் கிடைத்தால் செல்வமாரி நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பாள். அந்தத் துணியில் அவளுக்கு முதுகு வரும், முன்பக்கம் வரும், கை வராது. கைக்குத் தனியாகத் துணி எடுக்கப் போனால் அதே நிறம் கிடைக்காது. பதினைந்து வருடமாக அவள் கட்டிய ஒவ்வொரு சேலைக்கும் இந்தப் பாடுதான்.

பசுவந்தனையில் பிறந்து கோவில்பட்டியில் வாக்கப்பட்டவள். ஒரு கடலைமிட்டாய் கம்பெனியில் பாக்கிங் பகுதிக்கு அவள்தான் மேல்பார்வை. கடலை மூட்டையை இறக்க ஆள் வரவில்லை என்றால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஐம்பது கிலோ மூட்டையைத் தானே புரட்டி உள்ளே தள்ளிவிடுவாள். புருஷன் பேச்சிராஜா லோடு வேன் ஓட்டுகிறான். இரண்டு பிள்ளைகள். உடம்பு பெருத்ததே தவிர, ஒரு வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் துணிக்கடைக்குள் கால் வைத்தால் மட்டும் அந்த மூட்டை புரட்டுகிற செல்வமாரியைக் காண முடியாது. வாயைத் திறப்பதற்கு முன்பே, "உங்க சைஸ் வராதுக்கா" என்று கடைப்பெண் சொல்லிவிடுவாள். ஃப்ரீ சைஸ் என்று சீட்டு ஒட்டிய நைட்டி எந்த ஊர்ப் பெண்ணை அளந்து தைத்தது என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடைசியில் மெரூன், கருநீலம், பாட்டில் பச்சை என்று இருட்டான நிறமாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். வெளிர்நிறம் உடம்பைப் பெரிதாகக் காட்டும் என்று யாரோ எப்போதோ சொன்னதை வேதவாக்காக வைத்திருந்தாள்.

அவளுக்கு ஒரே தம்பி, கருப்பசாமி. ஆறு வயது இளையவன். சின்ன வயதில் அவன் வம்புக்கு வரும்போதெல்லாம், "ஏலே, நாளைக்கு ஒம் பொண்டாட்டி கழுத்துல நான் முடிச்சுப் போட்டாத்தான் அது தாலி. நெனப்புல வச்சுக்கோ" என்று மிரட்டியே வளர்த்தாள். மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட, மற்ற இரண்டையும் அவன் அக்கா தங்கை போடுவதுதான் அங்கே வழக்கம். அந்த இரண்டு முடிச்சுக்காக அவள் இருபது வருடமாகக் காத்திருந்தாள் என்றால் மிகையில்லை.

கருப்பசாமிக்குக் கயத்தாற்றில் பெண் அமைந்தது. பெண் பெயர் கற்பகம். நிச்சயத்தன்று பந்தியில் உட்கார்ந்திருந்தபோது செல்வமாரிக்கு முதுகுப் பின்னால் ஒரு குரல் கேட்டது. "மாப்பிள்ளைக்கு அக்காங்காவ. பாத்தா அம்மா கணக்கால்லா இருக்கு." யார் சொன்னது என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இலையில் இருந்த பாயசத்தை மட்டும் தொடாமல் எழுந்துவிட்டாள்.

அந்த வார்த்தை செய்த வேலைதான் இவ்வளவும்.

இந்தப் பக்கத்தில் முகூர்த்தச் சேலைக்கான ஜாக்கெட்டை மாப்பிள்ளை வீட்டார் தைத்துக் கொடுக்க வேண்டும். முடிச்சுப் போடும் நாத்தனாருக்குச் சேலை எடுத்து, ஜாக்கெட்டும் தைத்து, கல்யாணத்தன்று காலையில் தட்டில் வைத்துக் கொடுப்பது பெண் வீட்டார் பொறுப்பு. அதைக் கட்டிக்கொண்டுதான் நாத்தனார் மணமேடை ஏற வேண்டும். ஆகவே இரண்டு வீட்டுக்கும் இடையே அளவு ஜாக்கெட் போய்வரும். சரியாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டால் தையற்காரி அதை வைத்து வெட்டிக்கொள்வாள். ஆளை நிறுத்தி டேப் வைத்து அளக்கிற சங்கடம் கிடையாது.

கயத்தாற்றிலிருந்து கேட்டு போன் வந்ததும் செல்வமாரி பீரோவைத் திறந்தாள். சரியாக இருக்கிற ஜாக்கெட்டை எடுத்துக் கையில் விரித்துப் பார்த்தாள். இதை அந்த வீட்டுப் பெண்கள் கூடி உட்கார்ந்து விரித்துப் பார்ப்பார்கள். முதுகுப் பின்னால் பேசிய அந்தக் குரலும் அங்கே இருக்கும். நினைத்தபோதே காது சுட்டது. அதை மடித்து உள்ளே வைத்துவிட்டு, அடித்தட்டில் கிடந்த எட்டு வருடத்துக்கு முந்திய ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தனுப்பிவிட்டாள். இரண்டாவது பிள்ளை பிறப்பதற்கு முன்னால் போட்டது. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே, இளைத்துவிட்டால் போயிற்று!

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். செல்வமாரி கொள்ளைக் கஞ்சியாகக் குடித்தாள், ரசமாகக் குடித்தாள், சுண்டலாகத் தின்றாள். இரண்டு கிலோ குறைந்தது. ஊரில் அம்மன் கோவில் கொடைத் திருவிழா வந்தது. மூன்று கிலோ ஏறியது.

இதற்கிடையில் கற்பகத்தின் அளவு ஜாக்கெட் வந்து சேர்ந்தது. பையிலிருந்து எடுத்ததுமே செல்வமாரிக்குத் தெரிந்துவிட்டது, இது பொய் ஜாக்கெட். நிச்சயத்தன்று அந்தப் பெண்ணின் தோளையும் கையையும் அவள் பார்த்திருக்கிறாள். பூசினாற்போல, நல்ல வாளிப்பான உடம்பு. இந்தச் சட்டைக்குள் அவள் பாதிதான் போவாள். பாம்பின் கால் பாம்பறியும் அல்லவா?

தையற்கடை தங்கமாரியிடம் போய், "இதவிட நாலு இஞ்சு கூட்டித் தை. கைக்கு ரெண்டு இஞ்சு. உள்ளயும் துணி விட்டு வையி" என்றாள்.

"அளவு ஜாக்கெட்டுல அப்படி இல்லியேக்கா?"

"புள்ளைய நான் பாத்துருக்கேன். நீ தைட்டி."

அப்படியே தன் விஷயத்துக்கும் கயத்தாற்றுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஊருக்குத்தான் உபதேசம். மூன்று தடவை போனை எடுத்தாள், மூன்று தடவையும் வைத்துவிட்டாள். நாட்கள் ஓடிப்போயின.

கல்யாணம் கயத்தாற்று மண்டபத்தில். ஒன்பது மணிக்கு மேல் முகூர்த்தம். ஏழரைக்கு, கற்பகத்தின் சித்தி சொர்ணத்தாய் பூ, பழம், குங்குமத்தோடு தட்டை நீட்டினாள். மாம்பழ மஞ்சளில் பட்டுச்சேலை. அதற்கு மேல் அழகாக மடித்த ஜாக்கெட். செல்வமாரி சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாருக்கு விட்ட அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள்.

இடது கை முழங்கை வரை போனது. வலது கை அதுவும் போகவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து இழுத்துப் பார்த்ததில் எங்கோ 'டர்' என்றது. எப்படியோ மாட்டினாலும் கொக்கிக்கும் காஜாவுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விழும். தைத்தவள் துணியை ஒட்ட வெட்டியிருந்தாள். பிரித்துவிடவும் வழியில்லை. மண்டபத்துக்கு வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் ஹாரன் அடித்துப் போய்க்கொண்டிருந்தன. செல்வமாரிக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது.

பெண் வீட்டார் கொடுத்ததைக் கட்டாமல் மேடை ஏறினால் ஏன் என்று கேள்வி வரும். ஏறாமல் இருந்தால் முடிச்சு போய்விடும். வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்துவிட்டு, பேச்சிராஜாவுக்குப் போன் போட்டாள்.

"எனக்குத் தல சுத்துது. பெரியப்பா மக இசக்கிச்செல்விய முடிச்சுப் போடச் சொல்லுங்க."

"என்னட்டி சொல்லுத? காப்பி குடிச்சியா இல்லியா?"

"காப்பில்லாம் வேண்டாம். சொன்னதச் செய்யுங்க."

சொல்லி முடித்ததும் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. இருபது வருடம் காத்திருந்த முடிச்சை, ஒரு ஜாக்கெட்டுக்கு வெட்கப்பட்டுத் தானே தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

அப்போது கதவைத் தட்டும் சத்தம். "மைனி, நாந்தான் கற்பகம். கொஞ்சம் தெறங்களேன்."

முகூர்த்தச் சேலையைச் சுற்றியும் சுற்றாமலும் மணப்பெண் வந்து நின்றாள். செல்வமாரி மஞ்சள் சேலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கற்பகம் உள்ளே வந்து தாழைப் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தாள்.

"நான் போட்டிருக்க இந்த ஜாக்கெட்டத் தைக்கக் குடுத்தது நீங்கதான மைனி? நான் காலேஜுல போட்ட சட்டையத்தான் அளவுக்குக் குடுத்துவிட்டேன். உங்க வீட்ல விரிச்சுப் பாத்து என்ன நெனைப்பாவளோன்னு வெக்கம். நேத்துலருந்து பச்சத்தண்ணி எறங்கல. இப்பப் போட்டுப் பாக்கேன், அளந்து தச்ச மாதிரி இருக்கு! உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

செல்வமாரி நெஞ்சோடு பிடித்திருந்த சேலையை விலக்கி, முழங்கையில் சிக்கிக்கிடந்த ஜாக்கெட்டைக் காட்டினாள்.

கற்பகம் ஒரு கணம் முழித்தாள். பிறகு, "ஐயோ மைனி, நீங்களுமா?" என்றாள். செல்வமாரி தலையாட்டினாள். முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. வெளியே கேட்டுவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு, கட்டிலில் விழுந்து, கண்மை கலைகிற அளவுக்கு இருவரும் சிரித்தார்கள்.

"நீங்க வரும்போது போட்டிருந்த ஜாக்கெட் எங்க?"

கொடியில் தொங்கியது. பாட்டில் பச்சை, முழங்கை வரை கை, தங்கமாரி அளந்து தைத்தது. கற்பகம் அதை எடுத்து மஞ்சள் சேலை மேல் வைத்துப் பார்த்தாள்.

"இதப் போடுங்க. கான்ட்ராஸ்டுன்னு இதுக்குன்னே தனியாத் தேடி எடுத்துத் தைக்காவ மைனி இப்போல்லாம். நெசமாவே நல்லாருக்கு."

"மஞ்சளா? எனக்கா?"

"உங்களுக்குத்தான். மொதல்ல கட்டுங்க, பெறவு பேசலாம்."

கட்டினாள். அறையில் இருந்த கண்ணாடி மார்பு வரைதான் காட்டும். அதில் தெரிந்தவளைப் பார்க்க அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நன்றாகத்தான் இருந்தாள். பேச்சிராஜாவுக்கு மறுபடி போன் போட்டு, "இசக்கிச்செல்விகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள். "இன்னும் ஆளையே பாக்கலட்டி, வாழைமரத்துக்கிட்ட நிக்கேன்" என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுடைய சோம்பேறித்தனத்தை அவள் வாழ்த்தினாள்.

ஆனால் மேடைப் படியிலேயே சிக்கல் காத்திருந்தது. சொர்ணத்தாய் பார்த்துவிட்டாள். "என்ன தாயி, நாங்க தச்ச ஜாக்கெட்டப் போடலியா?" என்று கேட்கும்போதே அவள் முகம் கறுத்துப்போயிற்று. பக்கத்தில் நின்ற பெரியம்மா, இசக்கிச்செல்வியின் அம்மா, எப்போதடா என்று காத்திருந்தவள் போல ஆரம்பித்தாள்.

"பத்தியிருக்காதுங்கேன்! அளவு ஜாக்கெட் குடுத்துவிட்டும் ஒழுங்காத் தச்சுக் குடுக்கத் தெரியல. எங்க பிள்ளைக்குச் செய்யுத மரியாத இதானா?"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். சம்பந்திச் சண்டைக்கு இதைவிடச் சின்னக் காரணமே போதும். மேடையில் கற்பகம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளால் பேச முடியாது. செல்வமாரி வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், பழி அந்தப் பக்கம் போய்விடும், அவள் தப்பித்துவிடலாம். ஒரு கணம் அப்படித்தான் நின்றாள், அதை மறைப்பானேன். பிறகு அவளுக்கே பொறுக்கவில்லை.

"பெரியம்ம, சும்மா இருங்க. தச்சவ மேல தப்பில்ல. அளவு குடுத்தவ மேலதான் தப்பு. நான் குடுத்துவிட்டது எட்டு வருசத்துக்கு முந்துன சட்ட." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இருந்தாலும் முழுவதையும் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. "நெசத்துல என் அளவு நாப்பத்தாறு. வெக்கப்பட்டுக்கிட்டு மறைச்சிட்டேன்."

நாற்பத்தாறு. தங்கமாரியைத் தவிர யார் காதிலும் விழாத எண். அதைக் கூட்டத்தின் நடுவில் சொல்லியாயிற்று. வானம் இடிந்து விழவில்லை. நாதஸ்வரக்காரர் பாட்டை நிறுத்தவில்லை. பின்னால் ஒருத்தி தன் பக்கத்திலிருப்பவளிடம், "எனக்கு நாப்பத்தெட்டுல்லா" என்று சொன்னது கேட்டது. பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நாற்காலியைத் தேடிப் போனாள்.

சொர்ணத்தாய் செல்வமாரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "என் வயித்துல பால வாத்தியே தாயி! மொதல் சீரே கொறையாப் போச்சே, எங்க பிள்ளைய நாளைக்கு என்ன பாடு படுத்துவாவளோன்னு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு."

"நான் இருக்கும்போது யாரு அத்தே படுத்துவா?" என்று சொல்லிவிட்டுச் செல்வமாரி மேடை ஏறினாள்.

கெட்டிமேளம் முழங்கியது. கருப்பசாமி முதல் முடிச்சைப் போட்டுவிட்டு, கயிற்றின் இரண்டு முனையையும் அக்காவுக்கு விட்டான். செல்வமாரி கற்பகத்தின் பின்னால் நின்று, கூந்தலையும் மாலையையும் ஒதுக்கி, இரண்டு கையையும் தாராளமாக வீசித் தூக்கினாள். பச்சை ஜாக்கெட் எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் இழுக்கவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். அட்சதை தலையில் விழ விழ, இரண்டாவது முடிச்சையும் மூன்றாவது முடிச்சையும் நிதானமாக, இறுக்கிப் போட்டாள்.

நிமிர்ந்தபோது அவள் கன்னம் நனைந்திருந்ததைக் கருப்பசாமி பார்த்துவிட்டான்.

"என்னக்கா, அழுவுத?"

"அழலலே," என்றாள் செல்வமாரி. "மூச்சு விடுதேன்."