கட்டிக்கு ஏது வம்சம்

சிங்கப்பூரில் நோயைக்கூட ஆள் கூப்பிட்டுச் சொல்கிறார்கள். நான் சாப்பாட்டு வண்டி தள்ளும் ஆஸ்பத்திரியில், நுரையீரல் புற்றுநோய் வார்டில், ஒரு சீனத்து ஆன்ட்டி கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டே தன் கட்டியின் ஜீன் டெஸ்ட் 'பாசிட்டிவ்' என்று சிரித்தார். துக்கம் விசாரிக்கும் முகத்தோடு "சாரி ஆன்ட்டி" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த ஜீன் மாறியிருந்தால்தான் மாத்திரை கேட்குமாம். மகன் கேக் வாங்கி வந்திருந்தானாம். எட்டாவதோடு நின்ற எனக்கு இதெல்லாம் அந்த வார்டின் பிலிப்பைன்ஸ் நர்ஸ் சொல்லித்தான் தெரியும். தினமும் என் நெஞ்சையே தடவிப் பார்த்துப் பயப்படுகிறவன் என்பதால் அவள் பொறுமையாகச் சொல்வாள்.

நான் துருவித் துருவிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. கொல்லிமலை அடிவாரத்தில், முள்ளுக்குறிச்சியில், என் அக்காவுக்கும் அதே நோய். பீடியைத் தொட்டவளில்லை. மலைக்காற்று இருக்கும் ஊரில் இது எப்படி வரும் என்று என்னோடு வண்டி தள்ளும் மலாய்க்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். மலைமேல் வாசலூர்பட்டி ஏரியில் படகு விட வருகிறவர்களும் மூலிகைக் காற்று என்று மூச்சை இழுத்து விட்டுத்தான் போகிறார்கள். ஜன்னல் இல்லாத சமையலறையில் அக்கா இருபது வருஷம் விறகுப் புகை குடித்ததை அந்த மூலிகைக் காற்று வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சேலத்து டாக்டர் கட்டியில் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். அக்காவுக்கும் அந்த ஜீன் மாறியிருந்தது. மாத்திரை கேட்டது. பத்து மாதம் நன்றாக இருந்தாள், மலைமேல் ஆலத்தூர் நாடு என்கிற ஊருக்கு மிளகு பறிக்கக்கூடப் போனாள். பிறகு கேட்காமல் போயிற்று. கட்டி தன் ஜீனை இன்னொரு தடவை மாற்றிக்கொண்டு மருந்தை ஏமாற்றுகிறதா என்று பார்க்க மறுபடி துணுக்கு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மருந்தைக் குருட்டாம்போக்கில்தான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். எங்கள் சொந்தபந்தத்தின் மேலான புத்தி வேலை செய்தது அப்போதுதான். அக்கா மகளுக்கு வரன் வந்திருந்தது. அக்காவுக்கு ஆஸ்துமா என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லி வைத்திருந்த அக்கா புருஷன், இனி ஊசியும் வேண்டாம் டெஸ்டும் வேண்டாம் என்றுவிட்டார். நான் போனில் கெஞ்சினேன்.

"ஏனுங்க மாமா, அது கட்டியோட ஜீனுங்க. அக்கா ரத்தத்துல வந்ததில்லீங்க. புள்ளைக்குப் போவாதுங்க."

"அங்க சோத்து வண்டி தள்ளித் தள்ளி டாக்டராயிட்டியா மாப்ளெ? ஜீனுன்னா வம்சம். வம்சத்துல கோளாறுன்னு காயிதத்துல எழுதிட்டா எவன் பொண்ணெடுப்பான்?"

எதிர்ப்பு சக்திக்கு, மலைப்பாறையில் விளையும் முடவாட்டுக்கிழங்கில் சூப் வைத்துத் தருவதாகவும் சொன்னார். உடம்பின் காவல் செல்களையே ஏமாற்றி உள்ளே சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது கட்டி. இவர் சூப் காய்ச்சுகிறார். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கத் தெரிந்த கூட்டம், ஊசிமுனைச் சதையைப் பார்க்க நடுங்கியது. கட்டிக்கும் குலம் கோத்திரம் உண்டென்று நம்பியது.

அக்காவிடமே போனைக் கொடுக்கச் சொன்னேன். நோயின் பெயரை அவளிடம் யாரும் சொன்னதில்லை. எப்படித் தொடங்குவது என்று நான் விழித்தபோது அவளே பேசினாள்.

"ஆஸ்துமாவுக்கு யாராச்சும் நெஞ்சுல ஊசி குத்துவாங்களா கண்ணு? எனக்குத் தெரியாதாக்கும். கல்யாணம் முடியட்டும், குத்திக்கறேன். நீ வெசனப்படாத சாமி."

கல்யாணம் முடிந்தது. ஊசிக்கு நாள் வாங்குவதற்குள் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டு, மகள் மறுவீடு வந்துபோன வாரத்தில் அக்கா போய்விட்டாள்.

லீவு கேட்க ஒரு படிவம் தந்தார்கள். இங்கிலீஷ் என்பதால் அந்த நர்ஸிடமே எழுதித் தரச் சொன்னேன். மாமாவை மனதுக்குள் வைதுகொண்டே பக்கத்தில் நின்றேன். இறந்த காரணம் என்ற இடத்துக்கு வந்ததும், என்னைக் கேட்காமலே எழுதப் போனாள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்துமா என்று எழுதச் சொன்னேன்.

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். முள்ளுக்குறிச்சியில் ஒன்பதாவது படிக்கிறாள்.

நர்ஸுக்கு நான் ஏதோ புரியாமல் பேசுவதாகத் தோன்றியிருக்க வேண்டும். அது கட்டியின் ஜீன்தான், ரத்தத்தில் வந்ததில்லை, உன் மகளுக்குப் போகாது என்று, குழந்தைக்குச் சொல்வதுபோல மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். எனக்குத் தெரியும் என்றேன். அவள் ஆஸ்துமா என்றே எழுதினாள். அந்த இங்கிலீஷுக்குக் கீழே நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.