ஒரு ரெக்கவரி வண்டியின் நீளம்

எங்கள் குடும்பத்தாரின் பிறப்பு, மணம், தொழில், குடிபெயர்வு ஆகியவற்றை நான் தொகுத்து வருகிறேன். ஆளுக்கு அரைப் பக்கம் என்பது நானே வகுத்துக்கொண்ட வரம்பு. என் தந்தையின் தம்பியான சித்தப்பா மட்டும் அந்த வரம்புக்குள் அடங்கவில்லை. அவருடைய தொழிலை ஒரே வரியில் எழுதிவிடலாம்: நகரப் பேருந்து டிப்போவில் ரெக்கவரி வண்டி ஓட்டுநர். நடுவழியில் பழுதாகி நின்ற பேருந்தின் மூக்கைத் தூக்கிக் கொக்கியில் மாட்டிப் பணிமனைக்கு இழுத்து வருவது வேலை. அவருடைய ஆசையை எழுதத்தான் இடம் போதவில்லை. ஆகவே அதைத் தனியே எழுதுகிறேன். சித்தப்பாவும் சித்தியும் படித்துப் பார்த்துத் தத்தம் திருத்தங்களைச் சொல்லியிருக்கிறார்கள். இருவரும் முரண்பட்ட இடங்களில் சித்தி சொன்னதையே ஏற்றிருக்கிறேன். சித்தப்பாவும் அப்படித்தான் செய்வார்.

சித்தப்பா, அசல் வண்டிகளின் சிறு மாதிரிகளைக் கட்டுபவர். கடையில் முழுதாக விற்கும் பொம்மைகள் அல்ல இவை. பிளாஸ்டிக் உதிரிகளாகப் பெட்டியில் வருபவை. கட்டுபவர்கள் அதைக் கிட் என்பார்கள். ஒவ்வோர் உதிரியையும் அது ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து கத்தரித்து, அரத்தால் தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூச வேண்டும். சித்தப்பா தொடுவது பெரிய அளவுகளை மட்டுமே: அசலில் பதினாறில் ஒரு பங்கு. அந்த அளவில் ஒரு லாரி, முழங்கை தொடங்கி விரல் நுனி வரை நீண்டு கிடக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும். சித்தி மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவர். கடையில் கழித்துப் போட்ட உருப்பெருக்கி விளக்கைப் பின்னறை மேசைக்கு அவர்தான் கொண்டு வந்தார். பசை நெடி சமையலறைக்கு வரக்கூடாது என்ற ஒப்பந்தத்தின் பேரில் அந்த அறை சித்தப்பாவுக்கு விடப்பட்டது.

பந்தயக் கார்கள், ராணுவ லாரிகள், தீயணைப்பு வண்டிகள் எல்லாம் கிட்டாக வந்துவிட்டன. தாம் ஓட்டும் ரெக்கவரி வண்டியை மட்டும் எவரும் செய்யவில்லை என்பதே சித்தப்பாவின் தீராத குறை. உலகத்தில் உள்ள எல்லா வண்டிகளும் ஓடும்போது பார்க்கப்படுகின்றன. ஒன்று நின்றுபோன பிறகு வருகிற வண்டியை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை என்பார்.

சைக்கிள் கடை மாடியில் மாதிரி கட்டுபவர்களின் சங்கம் மாதந்தோறும் கூடும். ஆண்டுக்கு ஒரு கூட்டம் ஆசைக் கூட்டம். எந்தக் கிட் வந்தால் வாங்குவோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல, செயலாளரான மருந்துக்கடைக்காரர் அதைத் தொகுத்துத் தயாரிப்பாளர்களுக்கு அனுப்புவார். விமான நிலையத்துத் தீயணைப்பு வண்டி மருந்துக்கடைக்காரரின் ஆசை. பல் டாக்டருக்கு நீராவி ரோடு ரோலர். சித்தப்பா எழுந்தாலே சிரிப்பு கிளம்பிவிடும்.

“நின்னு போன வண்டியைத் தேடிப் போற வண்டியை எவன் சார் காசு குடுத்து வாங்குவான்?” என்றார் பல் டாக்டர் ஒருமுறை.

“என்னிக்காவது நடுரோட்டுல நின்னு போனவன் வாங்குவான். உங்க கார் எப்ப நிக்கும், சொல்லுங்க. நானே வந்து இழுக்கிறேன்.”

சங்கத்தில் அவருக்கு ‘அரை மில்லி’ என்று பெயர். யார் எதைக் கட்டிக் கொண்டு வந்தாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்து, “ஏணி அரை மில்லி தள்ளி இருக்கே” என்பார். அந்தப் பெயரில் கேலி பாதி, மரியாதை பாதி. தயாரிப்பாளர்களின் பிழையென்றால் இன்னும் கடுமை. அளவு தவறிய ஒரு கிட்டைப் பெட்டியோடு திருப்பி அனுப்பிய வரலாறும் உண்டு.

இப்படியிருக்க, அக்காளும் தங்கையுமாக நடத்தும் ஒரு சிறு நிறுவனம் சங்கத்தின் ஆசைகளில் ஒன்றைச் செய்து தர முன்வந்தது. ஒரே நிபந்தனை: தொழிற்சாலை வரைபடம் கிடைக்காத வண்டியென்றால், சங்கத்தாரே அசலை அளந்து தர வேண்டும். அங்கேதான் மற்றவர்களின் ஆசைகள் உதிர்ந்தன. விமான நிலையத்துக்குள் நாடாவோடு நுழைய மருந்துக்கடைக்காரரை யாரும் விடவில்லை. ரோடு ரோலர் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பது பல் டாக்டருக்கே தெரியவில்லை. தாம் விரும்பிய வண்டியின் சாவியைச் சட்டைப் பையில் வைத்திருந்தவர் சித்தப்பா ஒருவரே.

டிப்போ மேலாளரிடம் அனுமதி பெற்று, வார விடுமுறைகளில் அளந்தார். நாடாவின் மறுமுனையைப் பிடித்தவர் சித்தி.

“மோதிரம் வாங்கப் போனப்ப என் விரல் அளவு தெரியாம திரும்பி வந்த மனுஷன். இந்த இரும்புக்கு ஒவ்வொரு போல்ட்டா அளவு எடுக்கிறீங்க!”

“விரல் மாறிக்கிட்டே இருக்கும்மா. இது மாறாது.”

ஓட்டுநர் அமரும் முகப்பு, கிரேன் தூண், கொக்கி, ஏணிப்படி என்று ஒன்றையும் விடவில்லை. ஒரே இடத்தை இருமுறை அளந்து, இரண்டும் ஒத்தால்தான் எழுதினார். அளவுகள் போயின. சில மாதங்களில் சோதனை உதிரிகள் சாம்பல் நிறத்தில் வந்து சேர்ந்தன. வண்ணம்கூடப் பூசாமல் ஒட்டி நிறுத்திவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சாப்பிட அழைத்தபோது, “இதுக்குள்ள ஏறி உட்காரலாம் போல இருக்கு” என்றாராம். தயாரிப்புக்குச் சம்மதம் சொன்னார். நிறுவனம் உதிரிகளை வார்க்கும் எஃகு அச்சுகளை வெட்டத் தொடங்கியது.

பெட்டியின் மேல் அச்சிடப் பழைய வண்ணத்தில் ஒரு படம் வேண்டும் என்று நிறுவனம் கேட்டது. சித்தப்பாவின் வண்டியில் பலமுறை வண்ணம் மாறிவிட்டிருந்தது. அதே வகை வண்டி, முதல் வண்ணம் மங்காமல், வேறோர் ஊர் டிப்போவில் நிற்பதாகக் கேள்விப்பட்டு, கேமராவோடு போனார். படம் எடுத்து முடித்ததும் பழக்கத்தில், முகப்புக்கும் கிரேன் தூணுக்கும் நடுவே பக்கவாட்டில் நுழையப் பார்த்தார். தம் வண்டியில் அந்த இடத்தில் நின்றுதான் தினமும் கப்பிக்கு கிரீஸ் வைப்பார். இங்கே தோள் மாட்டிக்கொண்டது. முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை.

“என்னண்ணே, பொந்துல மாட்டின எலி மாதிரி? மூச்சை இழுத்துக்கிட்டு வெளிய வாங்க,” என்றார் காவலாளி. “வயசானா வயிறு போடும், என்ன பண்றது?”

சித்தப்பா சிரிக்கவில்லை. தோள் தம்மை ஏமாற்றாது என்று அவருக்குத் தெரியும். ஒருவழியாக வெளியே வந்து நாடாவை எடுத்தார். அந்த இடைவெளி அவருடைய வண்டியில் இருப்பதைவிட இருபத்துநான்கு சென்டிமீட்டர் குறைவு. பதினாறில் ஒரு பங்கில் அது பதினைந்து மில்லிமீட்டர். அரை மில்லிக்கு வழக்காடியவர் பதினைந்து மில்லியோடு பேருந்தில் திரும்பினார்.

மறுநாள் காலையில் டிப்போவின் பழைய ஃபோர்மேனைப் பிடித்தார். ஃபோர்மேனுக்கு ஞாபகம் தேட வேண்டியிருக்கவில்லை.

“நீங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி நடந்ததுங்க. ஆள் நிறைஞ்ச பஸ்ஸைத் தூக்கப் போயி, முகப்புக்குப் பின்னால அடியில இருக்கிற சேஸி விரிஞ்சு போச்சு. அந்த இடத்தை வெட்டி எடுத்துட்டு, புதுத் துண்டு போட்டு வெல்டிங் வச்சோம். வைக்கிறதுதான் வைக்கிறோம், ஒரு ஆள் நிக்கிற அளவுக்குக் கொஞ்சம் நீளமா வைப்போம்னு பேசி வச்சது.”

“என்கிட்ட யாரும் சொல்லலியே?”

“நீங்க கேக்கலியே. வண்டி நல்லா ஓடுச்சு; எதுக்குச் சொல்லணும்?”

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சித்தப்பா எடுத்துப் பார்த்த அந்த ஒரு சோறு, பானையில் இருந்த வேறெதையும் போல இல்லாதது. போல்ட்டை இருமுறை அளந்தவருக்கு இரண்டாவது வண்டி ஒன்றை அளக்கத் தோன்றவே இல்லை. தம் வண்டி என்றால் அந்த வகை வண்டி முழுவதும் என்றே இருபது ஆண்டுகளுக்கு மேல் நினைத்திருந்தார். மாதிரி கட்டுபவர்களிடம் மட்டுமே நேரக்கூடிய பிழை இது; அதிலும் தாம் அளக்கும் பொருளை நேசிப்பவரிடம் மட்டுமே.

சொல்வதா, விடுவதா என்பது இப்போது அவர் முன் நின்றது. சொன்னால் நிறுவனம் திட்டத்தையே கைவிடக்கூடும். பாதி அச்சு வெட்டப்பட்டிருந்தது. இன்னொரு நிறுவனம் இன்னொரு ரெக்கவரி வண்டியைச் செய்ய முன்வரும் என்று எதிர்பார்ப்பது கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிப்பது போலத்தான். சொல்லாவிட்டால் அவர் ஆசைப்பட்ட வண்டி, அவர் ஓட்டும் வண்டியே, அச்சு மாறாமல் பெட்டியில் வந்துவிடும்.

மருந்துக்கடைக்காரரிடம் முதலில் சொன்னார்.

“யாருக்கு சார் தெரியப் போகுது?” என்றார் அவர், கல்லாவைத் தாண்டித் தலையை நீட்டி. “தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு; சாண் என்ன, முழம் என்ன? பேசாம இருங்க. வேணும்னா நான் அளந்தேன்னு என் தலையில போடுங்க.”

“உங்க தலையில போட்டா ஊர் நம்பிடும். அதான் பயமா இருக்கு.”

சோதனை உதிரிகளில் கட்டிய வண்டி மேசையில் இருந்தது. சில நாட்கள் சித்தப்பா அதன் பக்கம் திரும்பாமல் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய் வந்தார். கடைசியில் சித்திதான் கேட்டார்.

“என்ன தப்பு நடந்துச்சு? அந்த வண்டியும் நிஜம்தானே?”

“நிஜம்தான். ஆனா அது ஒண்ணுதான் அப்படி. பெட்டி மேல வண்டியோட வகைப் பேரைத்தான் போடுவாங்க. என் வண்டின்னு போட மாட்டாங்க.”

“அப்ப ஒருத்தர் கண்ணுக்குத் தேய்ச்ச வில்லையை ஊருக்கெல்லாம் மாட்டி விடற மாதிரி.”

“ஆமா.”

“எங்க கடையில அப்படிக் குடுத்தா அன்னிக்கே திரும்பி வந்துடும். மத்தவங்களுக்குத் தலை சுத்தும்ல?” என்றவர் தொடர்ந்தார்: “ஆனா ஒண்ணு. சொன்னா உங்களுக்குக் கிடைக்காமலே போகலாம். அதையும் யோசிச்சுக்கிட்டு சொல்லுங்க. அப்புறம் பின்னறையில உட்கார்ந்து பெருமூச்சு விடக்கூடாது.”

“விட்டா?”

“விட்டா அந்த அறையில துணி காயப் போட்டுருவேன்.”

மறுநாள் நிறுவனத்தை அழைத்தார். எடுத்தது அக்காள். விஷயத்தைக் கேட்டதும், “சேஸி அச்சு பாதி வெட்டியாச்சுங்க” என்று மட்டும் சொன்னார். “தெரியும்மா. தப்பு என்னோடது. சரியான அளவு இன்னிக்கே அனுப்பிடறேன்” என்றார் சித்தப்பா. தங்கையிடம் பேசிவிட்டுச் சொல்வதாக அக்காள் வைத்துவிட்டார்.

அதன் பிறகு எந்தத் தகவலும் இல்லை. ஆசைக் கூட்டம் ஒன்று கடந்தது. அவ்வாண்டு சித்தப்பா எழுந்திருக்கவே இல்லை. பல் டாக்டர் ரோடு ரோலரைச் சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே, “ரெக்கவரி வண்டியையும் எழுதிக்கோங்க” என்றார். சங்கத்தில் சிலருக்குக் கோபமும் இருந்தது. அவர் வாயை மூடியிருந்தால் இந்நேரம் எல்லோர் மேசையிலும் ஒரு வண்டி நின்றிருக்கும் என்று அவர் காதில் விழும்படியே பேசினார்கள். ஆனாலும் பின்னறையில் துணி காயப் போடும் நிலை வரவில்லை என்று சித்தி சான்று அளித்திருக்கிறார்.

மேலும் ஓராண்டு கழித்து, அறிவிப்பு ஏதுமின்றி இரண்டு பெட்டிகள் வந்தன. முகப்பையும் கிரேனையும் அப்படியே வைத்துக்கொண்டு, சேஸி அச்சை மட்டும் புதிதாக வெட்டியிருந்தார்கள். இரு சகோதரிகளும் அந்த முடிவுக்கு வர அத்தனை காலம் பிடித்ததற்கான காரணத்தை அவர்கள் சொல்லவில்லை, சித்தப்பாவும் கேட்கவில்லை.

முதல் பெட்டியின் உதிரிகளை வந்தது வந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் கட்டினார். அரை மில்லிகூடப் பிசகில்லை. பழைய முதல் வண்ணத்தைப் பூசிச் சங்கத்தின் அலமாரிக்குக் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்தவர், “நல்லா இருக்கு. யாரோ ஒருத்தர் வண்டி” என்றார்.

இரண்டாவது பெட்டியைத் திறந்ததும் சேஸியைத் தனியே எடுத்து, சிறு ரம்பத்தைக் கையில் பிடித்தார்.

“ஐயோ, புதுசா வந்ததை எடுத்த எடுப்பிலேயே அறுக்கிறீங்களே!” என்று சித்தி பதறினார்.

“டிப்போவுல அவங்களும் இதைத்தான் பண்ணாங்க.”

எங்கே வெட்டுவது, எப்படி வெட்டுவது என்று கேட்க ஃபோர்மேனை வீட்டுக்கே அழைத்திருந்தார். நேராக வெட்டினால் பாரம் ஏறும்போது அதே கோட்டில் திரும்ப விரியும், ஆகவே சாய்வாக வெட்டினோம் என்றார் ஃபோர்மேன். சித்தப்பா சாய்வாக அறுத்தார். பதினைந்து மில்லித் துண்டை நடுவில் வைத்து ஒட்டி, இருபுறமும் மெல்லிய தகடு வைத்து இறுக்கினார். பசை காய்ந்ததும் பட்டி பூசி, அரம் போட்டு, ஒட்டிய தடமே தெரியாதபடி வழவழப்பாக்கி ஃபோர்மேனிடம் நீட்டினார்.

ஃபோர்மேன் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்குங்க. ஆனா எங்க வேலை இவ்வளவு சுத்தமா இருக்காது. மறுநாளே வண்டி வெளிய போகணும்னு அவசரத்துல வச்ச வெல்டிங். மேடும் பள்ளமுமா இருக்கும். அடிப்பக்கம் கை விட்டுத் தடவிப் பாருங்க, தெரியும்.”

மாதிரி கட்டுபவர்களின் வாழ்நாளில் பெரும்பகுதி, ஒட்டிய இடம் தெரியாமல் தேய்ப்பதிலேயே கழிகிறது. சித்தப்பா மறுநாள் வேலைக்குப் போய், வண்டிக்கு அடியில் படுத்து, அந்த வெல்டிங்கை முதன்முறையாக விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு பின்னறையில் உட்கார்ந்து, தாம் தேய்த்து வழவழப்பாக்கிய இடத்தின் மேல் ஊசி முனையால் பட்டியை எடுத்து, புள்ளி புள்ளியாக, கோணல்மாணலாக, ஒரு தழும்பை வைக்கத் தொடங்கினார்.