தறியில் இருவர், நடுவில் ஒரு தூதர்

வெளியுறவுத் துறையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். ராஜதந்திரத்தை டெல்லியில் கற்றேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அதைக் கற்றது அறுபதுகளின் கடைசியில், விடுப்பில் பிள்ளையார்பாளையம் வந்தபோது, எங்கள் வீட்டுத் தறியருகே.

அந்த வருடம் நெசவாளர் சங்கத் தலைவர் தேர்தலில் அப்பாவும் சித்தப்பாவும் எதிரெதிராக நின்றார்கள். சித்தப்பா ஜெயித்தார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. தறியிலோ தங்கையின் முகூர்த்தப் புடவை பாதியில் இருந்தது. கரையையும் உடலையும் தனித்தனி நாடாவில், அதாவது ஊடுநூல் ஓட்டும் கட்டையில், நெய்து கோர்க்கும் கோர்வைப் புடவை அது; இரண்டு பேர் வேண்டும். நடுவில் ஆள் மாறினால் நெசவின் நெருக்கமும் மாறும், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அதனால் பேசாமலே நெய்தார்கள். கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

"அந்தத் தலைவர்கிட்ட சொல்லுப்பா, நாடாவை இன்னும் இழுத்துப் போடணும்னு."

"இழுத்துக்கினுதான் இருக்கேன்னு சொல்லு உங்கப்பாகிட்ட."

நான் 'தலைவரை' விழுங்கிவிட்டு மீதியை மட்டும் சொல்வேன்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஊர் உலகத்துக்கெல்லாம் சமாதானம் பேசுறே. இவங்களை உக்கார வச்சிப் பேசக்கூடாதாப்பா?"

எனக்கும் அந்தத் திமிர் இருந்தது. எதிரும் புதிருமாக உட்கார வைத்தேன். காப்பி ஆறுவதற்குள் ஓட்டுக் கணக்கில் தொடங்கி பாகப்பிரிவினை வரைக்கும் போய்விட்டார்கள். சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு வெளியேறினார். தறி நின்றது. கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. தங்கை அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் அவளே அடுத்த தெருவுக்குப் போய் சித்தப்பாவிடம் சொன்னாள்: "நீங்க எங்கப்பாகிட்ட பேசவே வேணாம் சித்தப்பா. நெய்ய மட்டும் வாங்க."

வந்தார். அவர் வருவதற்கு முன்பே அவருடைய நாடாவில் சரிகை சுற்றிய தாரைப் பொருத்தி வைத்திருந்தார் அப்பா.

பின்னாளில், பேச்சு முறிந்துபோன நாடுகளோடு தபாலும் ரயிலுமாவது ஓடட்டும் என்று மேலிடத்துக்கு நான் எழுதிய குறிப்புகளுக்கெல்லாம் என் தங்கைதான் குரு. அவளுக்கு அது தெரியாது.

புடவையைத் தறியிலிருந்து இறக்கிய அன்று அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே சித்தப்பா என்னிடம் கேட்டார்: "அடுத்த புடவைக்குப் பாவு நூல் என்ன கலர்னு கேளு உங்கப்பாவை."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவனையே சொல்லச் சொல்லு. என் தம்பிக்குத்தான் கலர் பாக்கத் தெரியும்."

இந்தமுறை ஒரு வார்த்தையைக்கூட விழுங்காமல் சொன்னேன்.