சபையில் காட்டிய வேஷம்

குலசேகரன்பட்டினத்துத் தசராவில் போலீஸ் வேஷம் கட்டியவரைப் பார்த்து, நிஜப் போலீஸ் என்று எங்கள் பக்கத்தில் பால்குடிக் குழந்தைகூட நம்பாது. காளி, குரங்கு, ராஜா, கிழவி என்று நேர்ந்துகொண்டவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு வேஷத்தில் கடை கடையாகப் போய்க் காணிக்கை வாங்கி, கடைசியில் அம்மன் உண்டியலில் சேர்ப்பார்கள். மகள் மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது, அவள் பிழைத்தால் மூன்று வருஷம் போலீஸ் வேஷம் கட்டுவதாக என் கணவர் நேர்ந்துகொண்டார். ஏன் போலீஸ் என்று கேட்டேன்.

"வேற எதுக்கும் இந்த மூஞ்சி ஒத்து வராதுளா" என்றார். தொப்பையைப் பார்த்தால் அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

இரண்டாவது வருஷம் உடன்குடி பஜாரில், பெண் வேஷம் கட்டியிருந்த கூட்டாளியை லத்தியால் விரட்டி விரட்டி அடிப்பதுபோல் நடித்தார். கடைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரோ போனில் படம் பிடித்தார்கள். தசரா முடிந்து காப்பைக் கழற்றியதும் அவர் பழையபடி தூத்துக்குடி ஹார்பருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார். சுங்கத்தில் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் சின்ன ஏஜென்சி ஒன்றில் வேலை. ஹார்பர் கேட்டைத் தாண்ட ஒரு பாஸ் வேண்டும். அந்தப் பாஸ் இல்லையென்றால் அந்த வேலையும் இல்லை.

மழைக்காலத்தில் அந்த வீடியோ வேறு ஒரு வேஷத்தில் வந்தது. சிரிப்புச் சத்தத்தை எடுத்துவிட்டு, சோக இசையைச் சேர்த்து, மீனவப் பெண்ணை அடிக்கும் இந்தியப் போலீஸ் என்று ஆங்கிலத்தில் எழுதி, ஏதோ ஒரு வெளிநாட்டிலிருந்து யாரோ போட்டிருந்தார்கள். போட்டவரின் பெயரும் பொய், முகப்படமும் பொய். நான் பள்ளி ஆசிரியை. ஓய்வறையில் சக ஆசிரியை போனை நீட்டியபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கீழே இருந்த கருத்துகளை ஒன்றுவிடாமல் படித்தேன். என் கணவரைத் தூக்கில் போடச் சொன்னவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்றுகூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்தத் தளத்துக்குப் புகார் அனுப்பினேன். எங்கள் விதிகளை இது மீறவில்லை என்று பதில் வந்தது. சரி, உள்ளதைக் காட்டுவோம் என்று முழு வீடியோவைத் தேடிப் பிடித்தேன். அதில் கூட்டாளி சவுரிமுடியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் கணவரோடு டீ குடிப்பார். அதை நானே போட்டேன். மறுநாள் நீக்கிவிட்டார்கள். வன்முறையைத் தூண்டுகிறதாம். வகுப்பில் ஒரு பிள்ளை பொய் சொன்னால் எழுப்பி நிறுத்திக் கேட்கலாம். இங்கே எழுப்பி நிறுத்த ஆள் இல்லை.

பாஸ் புதுப்பிக்கும் நேரம் வந்தது. அதற்குக் காவல் நிலையத்தில் நற்சான்று வாங்க வேண்டும். இருவரும் போனோம். ஏட்டையா எங்கள் பக்கத்துக்காரர்.

"தசரா வேஷம்னு எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? நானும் மாலை போடுத ஆளுதான். அந்த வீடியோவப் பத்தி மேல இருந்து கேக்காவ. வெளிநாட்டு விவகாரம்னு எழுதி வந்திருக்கு."

"தெரிஞ்சத எழுதுங்க" என்றேன்.

"எழுதிட்டேம்மா. அதுக்கு மேல எங் கையில ஒண்ணுமில்ல" என்றவர், எங்கள் இருவருக்கும் டீ வரவழைத்துக் கொடுத்தார். அவர் மேல் கோபப்படக்கூட வழியில்லை.

அப்புறம்தான், சட்டம் இயற்றும் சபையில் ஒரு விவாதம் வந்தது. அந்நியர்கள் நம் விவகாரங்களில் தலையிடுவதைத் தடுக்க வேண்டும், இணையத்தில் வருவதற்கெல்லாம் ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்று உறுப்பினர்கள் பேசினார்கள். அரசியல் பேச்சு என்றாலே சேனலை மாற்றுகிற நான், லீவு போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். அப்படி ஒரு சட்டம் வர வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவள் இருந்திருக்க மாட்டாள்.

ஒரு உறுப்பினர் எழுந்து, வெளியிலிருந்து எப்படிப்பட்ட பொய்கள் வருகின்றன பாருங்கள் என்று ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். என் கணவரின் முகம்.

"ஏளா, நம்ம வீடியோளா" என்று பக்கத்தில் இருந்த என் கணவர் எழுந்து நின்றுவிட்டார்.

இந்த ஆள் போலீஸே இல்லை, இது நடிப்பு என்று உறுப்பினர் சொன்னார். நான் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வாயால் சொல்லி எடுபடாததை ஒரு பெரிய மனிதர் ஊரறியச் சொல்கிறார் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த மூச்சில் அவர், வெளிநாட்டுப் பணத்துக்கு இப்படி வேஷம் கட்டும் கூலி ஆட்களைத் தேடிப் பிடித்துத் தண்டிக்க வேண்டும் என்றார். சபையில் மேஜைகளைத் தட்டினார்கள்.

"அம்மனுக்குக் கட்டுனதுன்னு யாராவது ஒரு ஆள் சொல்லக்கூடாதா" என்று என் கணவர் டிவியைப் பார்த்துக் கேட்டார். உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மிகவும் மரியாதையாகக் குறித்துக்கொண்டார்.

பாஸை நிறுத்தி வைத்தார்கள். மறுத்திருந்தாலாவது மேலே முறையிடலாம். பரிசீலனையில் இருக்கிறது என்பதற்கு எதிராக யாரிடம் முறையிடுவது? ஏஜென்சி முதலாளி நல்லவர். சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளைப் போட்டார். என் சம்பளத்தில் வீடு ஓடுகிறது என்று சொல்லிக்கொள்கிறோம். தவழ்கிறது என்பதுதான் சரி.

மூன்றாவது தசரா வந்தது. காக்கி மட்டும் வேண்டாம் என்று ஏட்டையா போனில் கேட்டுக்கொண்டார். எந்த வேஷமானாலும் அம்மன் ஏற்றுக்கொள்வாள் என்று பூசாரி சொன்னார். புது உடுப்பு தைக்க வசதியில்லை. கிழிந்த வேட்டியும் ஒரு தட்டும் போதும் என்று என் கணவர் பிச்சைக்காரன் வேஷம் கட்டினார். நானும் கூடவே போனேன்.

உடன்குடி பஜாரில் கருப்பட்டிக் கடை அண்ணாச்சி, போன இரண்டு வருஷமும் சல்யூட் அடித்துக் கேலி செய்துவிட்டுச் சில்லறை போட்டவர். அன்றைக்குக் கேலி செய்யவில்லை. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கல்லாவிலிருந்து ஐநூறு ரூபாய் நோட்டை எடுத்து, தட்டில் போடாமல், என் கணவரின் கையில் வைத்து மூடினார்.

"வேல போயிட்டுன்னு கேள்விப்பட்டேன்லே. வீட்டுச் செலவுக்கு வச்சுக்கோ. வெக்கப்படாத" என்று யாருக்கும் கேட்காதபடி சொன்னார்.

வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்த ஆளுக்குக் கருப்பட்டி நிறுக்கத் திரும்பிவிட்டார்.

கொஞ்ச தூரம் நடந்த பிறகு என் கணவர் நின்றார். மேளக்காரர்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஏளா, இத உண்டியல்ல போடணுமா, வீட்டுக்குக் கொண்டுபோணுமா?" என்று கேட்டுவிட்டு, மூடிய கையோடு என் முகத்தையே பார்த்தார்.