புரட்டாசியில் இறால் கேட்ட பவளம்

புரட்டாசி பிறப்பதற்கு முந்தின நாள் அம்மா வீட்டைக் கழுவிவிட்டாள். மீன் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். அம்மியை இரண்டு தடவை கழுவினாள். பிறகு ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி முன்னறைக்கு வந்து என் கண்ணாடித் தொட்டிக்கு எதிரில் நின்றாள்.

“இது இன்னா கணக்குடா?”

புரிந்தும் புரியாத மாதிரி, “எது?” என்றேன்.

“இந்தக் கல்லுதான். கல்லுன்னா இருந்துட்டுப் போவட்டும். நீதான் கல்லு இல்லம்மா, உசுருன்ன. நெதம் எறா போடுற. அப்ப இதுவும் கவுச்சிதானே?”

அதை உயிர் என்று அவளை நம்பவைக்க நான் மாதக்கணக்கில் பேசியிருந்தேன். இப்போது போய்க் கல் என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த வருடம் கோடையில்தான் அது வந்தது. தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வண்ண மீன் கடை வைத்திருந்த என் சிநேகிதன், கடல் தண்ணீர் எடுக்க மொபெட்டில் கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போவான். வேலையில்லாத நான் கேனைப் பிடித்துக்கொள்ளப் பின்னால் உட்கார்ந்து போவேன். ஒருநாள் வலையைக் கிழித்த கல் ஒன்றைத் திட்டிக்கொண்டே மணலில் எறிந்தார் ஒரு மீனவர். கைக்கு அடங்கும் கல். அதன்மேல் விரல் தடிமனில் ஆரஞ்சு நிறக் குழாய்கள் கொத்தாக ஒட்டியிருந்தன. ஓடிப்போய் எடுத்தேன். கல்லூரி ஆய்வகத்தின் கண்ணாடி அலமாரியில் இதே உருவத்தைப் பார்த்திருக்கிறேன், செத்து வெளுத்த எலும்பாக. படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன். அதற்கு நிறம் உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“வேணாம் மச்சான். பவளத்த வூட்ல வச்சி எவனும் பொழைக்க வச்சதில்ல. நாலே நாளு, நாறிடும்” என்றான் சிநேகிதன்.

நான் அதற்குள் வாளியில் போட்டுவிட்டேன்.

பெரும்பாலான பவளங்களுக்கு வெயில் போதும். அவற்றின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கும். வெயிலில் அந்தப் பாசி தயாரிப்பதைப் பவளமும் பங்கு போட்டுக்கொள்ளும். இந்த வகைக்கு உடம்பில் பாசி கிடையாது. பாறை இடுக்கின் இருட்டில் வாழ்வது. யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் சாப்பாடு. அதுவும் மொத்தமாகக் கொட்டினால் ஆகாது. ஒவ்வொரு குழாய் நுனியிலும் தனித்தனி வாய். பகலில் எல்லாம் மூடிக் கிடக்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் இறால் நசுக்கிய சாற்றைச் சொட்டவிட்டால், சற்றுப் பொறுத்து ஒவ்வொன்றாக வீங்கி, வாயைச் சுற்றி மஞ்சள் விரல்கள் நீளும். அப்போது பேனாவுக்கு மை ஊற்றும் பில்லரில் பொடியாக நறுக்கிய இறாலை உறிஞ்சி, வாய் வாயாக ஊட்ட வேண்டும். ஒரு வாய் வாங்கினால் அது அந்த வாய்க்கும் அதை ஒட்டிய சதைக்கும்தான் பெரும்பாலும் போய்ச் சேரும். பட்டினி கிடந்தால் சதை பின்வாங்கி, நடுவே வெள்ளை எலும்பு தெரியும்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். முடிச்சூர் சாலையில் இருந்த நிலத்தை மனை மனையாக விற்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த மனிதர் அவர். நான் ஊட்டுவதைத் தூணில் சாய்ந்து பார்ப்பார். “ஊர்ல அவனவன் கொழந்தைக்கு ஊட்டுறான். எம்புள்ள கல்லுக்கு ஊட்டுறான். இதுக்கா காலேஜி?” என்பார். கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி அது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான். விலங்கியல் என்றால் என்ன என்று அவருக்கு விளக்க முயன்று மூன்று வருடமும் தோற்றுப்போனேன். இந்த ஒன்று உயிரோடிருந்தால், இதுதான் நைனா என்று விரல் நீட்டிக் காட்டலாம். செத்தால் அலமாரியில் இன்னொரு எலும்பு.

அதனால்தான் அம்மாவின் கேள்வி என்னை அப்படி ஆட்டிவிட்டது. அவளோடு சண்டை போடவும் வழியில்லை. அந்தப் புரட்டாசி முழுக்க வீட்டில் கவுச்சி படாமல், சனிக்கிழமைதோறும் திருநீர்மலைப் பெருமாள் கோயிலுக்கு நடந்தே போய் மலையேறுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டுதல் எதற்கு? எனக்கு வேலை கிடைக்க.

“ஒரு மாசம்தானே. அதுவும் வெரதம் இருக்கட்டும்” என்றாள்.

நான் படித்தவன் இல்லையா, வழி கண்டுபிடித்தேன். பொட்டுக்கடலையை மாவாக்கித் தண்ணீரில் குழைத்து ஊட்டினேன். வாய்கள் வாங்கிக்கொண்டன. ஜெயித்துவிட்டேன் என்று எழுந்து இரண்டு எட்டு வைத்துத் திரும்பினால், அத்தனையும் கோழையில் சுற்றி வெளியே வந்து கிடந்தது. மறுநாள் சோயா மாவு. அதற்கடுத்த நாள் பட்டாணியை வேகவைத்து மசித்தேன். தொட்டித் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆயிற்று. மின்சாரம் வேறு நேரம் காலமில்லாமல் போகும். காற்றுக்குழாய் நின்றுவிட்டால், டம்ளரில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருப்பேன். எதையும் உட்கார்ந்து செய்ய முடியவில்லை. தபால்காரர் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். வந்ததும் தொட்டிக்கு ஓடுவேன். சோற்றுத் தட்டோடு எழுந்துபோய் எட்டிப் பார்ப்பேன். ஓரத்துக் குழாய்கள் இரண்டில் சதை காணாமல் போய் வெள்ளை தெரிந்தது.

மாமாவுக்கு இது பெரிய வேடிக்கை. அம்மாவின் தம்பி அவர். லோடு வண்டி ஓட்டுகிறவர், இருப்பது அடுத்த தெரு, சாப்பாடு பாதிநாள் எங்கள் வீட்டில். “இன்னா மாப்ள, புளியோதரை வச்சிப் பாத்தியா? சுண்டல்?” என்பார். அவரால் கறியில்லாமல் ஒரு நாள் தள்ள முடியாது. அதற்கு எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் ஓர் ஏற்பாடு உண்டு. புரட்டாசியில் பொறுக்க முடியாதவர்கள் வெளியே போய்ச் சாப்பிடலாம். வாசல் குழாயில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கலாம். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவர் குழாயடியில் நடுங்கிக்கொண்டே, “யக்கா, துண்டு!” என்று கத்தினார். துண்டோடு போன அம்மா, கதவோரம் குட்டிபோட்ட பூனையாக நடந்துகொண்டிருந்த என்னைப் பார்த்தாள்.

“இன்னாடா, அது சாவுதா?”

“ஆமாம்மா.”

அவள் முகம் மாறியது. வேண்டுதல் மாதத்தில் வீட்டில் ஓர் உயிர் பட்டினியால் போவதை அவள் யோசித்திருக்கவில்லை போலும். துண்டைத் தம்பியிடம் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“இவன் இன்னா பண்றான்? வெளிய துன்னுட்டுக் குளிச்சிட்டு வர்றான். அதையும் தூக்கினு போயி வெளிய துன்ன வை. குளிப்பாட்டி உள்ள கொண்டா.”

“நல்ல தண்ணி ஊத்தினா செத்துடும்மா. கடல் தண்ணிதான் ஆவும்.”

“உப்புத் தண்ணில குளிச்சா அது குளியலாடா?”

மாமாவுக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. “யக்கா, ராமேஸ்வரம் கடல்ல முழுவுனா பாவமே போவுதாம், எறா வாசன போவாதா? மொதல்ல துண்டக் குடு, எனக்கு உசுரு போவுது!”

உள்ளே நைனா சிரிக்கும் சத்தம் கேட்டது. அம்மா சிரிக்கவில்லை. “சரி. ஆனா தெருவத் தாண்டி. எறாவத் தொட்ட கையோட நீயும் குளிச்சிட்டுதான் வரணும். வூட்ல எறா வைக்கவும் கூடாது.”

இறால் சிநேகிதனுடைய கடை ஐஸ் பெட்டியில் இருந்தது. தினம் சாயங்காலம் கடையிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்து தெருவில் நின்றே கொடுத்துவிட்டு, “ஒன் மாமியாருக்கு விருந்து” என்று சொல்லிப்போவான். தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் மொண்டு, பவளத்தை அதில் இறக்கி, தெருவுக்கு எதிர்ப்பக்கம் விற்காமல் கிடந்த மனைக்குத் தூக்கிப் போவேன். வாளிக்குள் இருட்டாக இருக்க மேலே கறுப்புத் துணி. மனைக்கல்லில் உட்கார்ந்து சாற்றைச் சொட்டவிட்டுக் காத்திருப்பேன். முதல் இரண்டு நாள் தூக்கிவந்த அதிர்ச்சியில் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் துணியை விலக்கினால், நடுவில் ஒன்றே ஒன்று விரல்களை நீட்டிக்கொண்டிருந்தது. முதல் துண்டு குறி தவறி வெளியே விழுந்தது. இரண்டாவதை வாங்கிக்கொண்டது. துப்பவில்லை. பிறகு இன்னொரு வாளியில் புதுக் கடல் தண்ணீர் வைத்து முக்கியெடுப்பேன். ஊட்டிய வாளியின் தண்ணீரை மனையில் கொட்டுவேன். வாசல் குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, குளித்த நானும் குளித்த அதுவும் உள்ளே போவோம்.

ஒரு வாரம் போன பிறகுதான் தொட்டியைக் கவனித்தேன். தண்ணீர் பளிங்காக இருந்தது. அம்மா சொன்னது தீட்டுக்காக. ஆனால் துப்பிய இறாலும் சாறும் தொட்டிக்குள் போகாததால் அங்கே எதுவும் அழுகவில்லை. தினம் ஒரு வாளி பழைய தண்ணீர் வெளியேறி, அதற்கு ஈடாகக் கேனிலிருந்து புதுத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டும் இருந்தது. கோடை முழுக்க நான் தொட்டிக்குள்ளேயே ஊட்டி, நாற்றத்தோடு மல்லுக்கட்டியது நினைவுக்கு வந்தது. அம்மாவிடம் சொன்னேன். “பெருமாள் செயல்” என்று சுருக்கமாக முடித்துவிட்டு உளுந்து களையப் போய்விட்டாள்.

புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருந்த காலனிக்காரர் ஒருவர் மாலை நடைக்கு அந்தப் பக்கம் வருவார். “என்ன தம்பி, டெய்லி வாளியோட உக்காந்திருக்கீங்க?”

“பவளம் சார்.”

“பவளமா? மோதிரத்துல போடறதா?”

“இல்ல சார், உயிரோட இருக்கு. சாப்பிடுது.”

குனிந்து பார்த்தார். நிஜமாகவே அசந்துபோனார். நிமிர்ந்ததும், “என்ன படிச்சிருக்கீங்க? வேலைக்கு எதுவும் ட்ரை பண்ணலையா?” என்றார். அன்றைக்குக் கடைசி இரண்டு வாய்களுக்கு ஊட்டப் பொறுமையில்லாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். பாதி வழியில் மனசு கேட்காமல் மறுபடி போய் உட்கார்ந்து ஊட்டினேன்.

கடைசிச் சனிக்கிழமையன்று திருச்சியில் இன்டர்வியூ என்று முந்தின நாள் அழைப்பு வந்தது. அம்மாவுக்குப் பெருமாளே நேரில் கூப்பிட்ட மாதிரி. எனக்கோ முதலில் தோன்றியது, யார் ஊட்டுவது என்பதுதான். மழை வேறு இறங்கத் தயாராக இருந்தது. மழை பிடித்துவிட்டால் கோவளத்தில் கரைத் தண்ணீர் கலங்கி உப்புக் குறைந்துவிடும் என்று, சிநேகிதனும் நானும் இருந்த கேன்களையெல்லாம் நிரப்பிவைத்திருந்தோம். அம்மா இறாலைத் தொட முடியாது. நைனாவும் அம்மாவோடு மலைக்குப் போகிறார்.

“நான் போடுறேன்” என்றார் மாமா. “நான்தான் ஏற்கெனவே கெட்டுப்போன ஆளு.”

அவர் கையில் பில்லரைக் கொடுத்துப் பழக்கினேன். கியர் மாற்றுகிற கை. மூன்றாவது வாயை இடித்து மூட வைத்தார். திருச்சியில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன் என்று இன்றுவரை சரியாக நினைவில்லை. உங்கள் பொழுதுபோக்கு என்ன என்றார்கள். சொன்னேன். ஒருவர் மற்றவரைப் பார்த்தார்.

ரயிலைவிட்டு இறங்கித் தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து கிட்டத்தட்ட ஓடியே வந்தேன். மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார். தலை ஈரம்.

“அல்லா வாயும் துன்னுச்சி மாப்ள. ஒண்ணு மட்டும் அடம் புடிச்சிது. அதுங்கூட ஒரு மணி நேரம் மழைல கொடையப் புடிச்சிகினு ஒக்காந்தேன். ஒன் அத்தைக்குக்கூட நான் இப்டி செஞ்சதில்ல.”

ஐப்பசி பிறந்தது. நைனா தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து வஞ்சிரம் வாங்கிவந்தார். அம்மா மீன் சட்டியை நிமிர்த்தினாள். அன்று மதியம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து திருச்சிக்குப் பேசினேன். வேறு ஒருவரை எடுத்துவிட்டார்கள். வந்து சொன்னபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா அடுப்பைத் தணித்தாள்.

விளக்கு வைத்ததும் நான் வாளியை எடுத்தேன்.

“அதான் மாசம் முடிஞ்சிடுச்சே. இனிமே உள்ளயே போடேன்டா.”

“வெளியதான்மா அதுக்கு நல்லது.”

அவள் தொட்டிக்கு எதிரில் குந்தினாள். அத்தனை நாளில் அவள் அதைக் கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். வெளுத்துப்போன குழாய்களின் அடியில் ஆரஞ்சுச் சதை மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது. ஒன்றின் பக்கத்தில் கடுகளவில் புதிதாக ஒரு வாய் முளைத்திருந்தது. விரல் வைத்துக் காட்டினேன்.

“கொழந்தையா?”

“ஆமா.”

“நான் ஒனக்கு வேண்டிகினேன்” என்றாள். “அவரு இதுக்குக் குடுத்துட்டாரு.”

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. பின்னால் தூணோரம் நைனா, “அந்தச் சின்னதுக்கு எறா பெருசா இருக்குமேடா. இன்னும் பொடிசா நறுக்கு” என்றார்.

வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினேன். காலனிக்காரர் தூரத்தில் வந்துகொண்டிருந்தார். நேற்றுவரை அவரைக் கண்டால் முதுகைத் திருப்பிக்கொள்வேன். அன்று மனைக்கல்லில் அவர் வரும் பக்கம் பார்த்து உட்கார்ந்து, இறாலை நைனா சொன்ன மாதிரி இன்னும் பொடிசாக நறுக்க ஆரம்பித்தேன்.