எல்லோருக்கும் தெரிந்த குரல்

“குரலை எடுத்துடுறேன்க்கா. தாளம் மட்டும் வெளியே போகட்டும்,” என்றார் சுரேந்திரன்.

“எடுத்துட்டா என்ன மிச்சம், சுரேன்? கல்யாண வீட்டு மைக் செட்டா?” என்றார் பவுனம்மாள்.

“ரெகே மியூசிக்குல அப்படியும் உண்டு. பாட்டை உருவிட்டு பேஸ் கிடாரையும் டிரம்மையும் மட்டும் விடுவாங்க. டப்னு பேரு.”

“செத்தவ பேரை உருவிட்டு டம்டம்னு அடிக்கச் சொல்றே. அதைப் பட்டாளத்துக்காரனுங்களே நல்லா அடிக்கிறானுங்களே.”

“தீமிதிக்கு நீ மைக்குல ‘செருப்பை வழியில போடாதீங்க’ன்னு கத்துனா மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையே திரும்பிப் பார்க்கும். ஒரு வரி கேட்டாப் போதும், வார்டு ஆபீஸ்காரன் நேரா உன் வீட்டுப் படி ஏறுவான்.”

“ஏறட்டும்.”

“அடுத்து, ஸ்பீக்கர் யாருதுன்னு கேட்பான்.”

பவுனம்மாள் ஒரு ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

யாங்கோனில், பசுந்தாங் பகுதியில் சுரேந்திரனின் மைக் செட் குடோன் அது. திருவிழா நின்றுபோய்ச் சும்மா கிடந்த பெட்டிகளுக்கு நடுவே, சுவரில் மெத்தையைத் தொங்கவிட்டு ஆல்பம் பதிவு செய்துகொண்டிருந்தோம். பவுனம்மாள் பாடவில்லை, ரெகே தாளத்தின்மேல் பேசினார். “பேச இடம் விடுது இந்தத் தாளம்” என்பார். தமிழும் பர்மிய மொழியும் கலந்து அவர் சொல்வதை எழுதிக் கொடுப்பது என் வேலை.

லைங் தாயாவில் ஓர் ஆடை ஆலையில் சட்டைக் காலர் தைத்தவர் அவர். 2021 மார்ச்சில், பக்கத்து மிஷினில் சட்டைக் கை தைத்த மா ஸினை, ஆட்சியைப் பிடித்த ராணுவம் சாலையில் சுட்டுக் கொன்றது. ஆலை மறுபடி திறந்த அன்றே அந்த நாற்காலியில் வேறொரு பெண். “இன்னைக்கு ஒருநாள் காலியா கிடக்கட்டும்” என்று பவுனம்மாள் எழுந்து நின்றார். தையல் லைன் நிற்கக் கூடாது என்றான் சூப்பர்வைசர். மறுநாள் அவரை ஆலை பஸ்ஸில் ஏற்றவில்லை, வேலை போயிற்று. கோயில் கமிட்டியும், இனி மைக்கில் பேச வேண்டாம் என்றது, காலம் சரியில்லையாம். அந்த வார்த்தையைக் கேட்டால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காலமா சுட்டது? காலமா அந்த நாற்காலியில் ஆளை உட்கார வைத்தது?

ஆல்பத்தின் முதல் வரிகள் இவைதான்:

லைன் நிக்கக் கூடாதாம்.
மூச்சு நிக்கலாமாம்.

இன்று அந்த ஆல்பம் போனிலிருந்து போனுக்குப் போகிறது. நாங்கள் மூவரும் இப்போது யாங்கோனில் இல்லை, பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஆல்பத்தில் பேசுவது பவுனம்மாள் அல்ல.

அன்று குடோனில் சிறிது நேரம் கழித்து அவர் என் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, உன் குரலை இந்தத் தெருவுல ஒருத்தனும் கேட்டதில்லை. பக்கத்துல உட்கார்ந்திருக்கிற எனக்கே கேட்காது. இந்த வரியையெல்லாம் மைக்குல நீ சொல்லு. பள்ளிக்கூடத்துல ஒப்பிக்கிற மாதிரி அழகா வேணாம். அவ நாற்காலியில இன்னொருத்தியை உட்கார வச்சாங்கள்ல, அதை நெனச்சுக்கிட்டுச் சொல்லு.”